நீராவிக்குத் தண்ணீர், தண்ணீருக்கு நீராவி: ஒரு சாயப்பட்டறையின் சுழல் கணக்கு

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் நீராவிக்கு ஒரு விலை, தண்ணீருக்கு ஒரு விலை என்று தனித்தனியாகப் போட்டுவிட முடியாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஒரு சொட்டும் போகக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொன்னது. அதைச் செய்யாத பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் உத்தரவும் போட்டது. அதிலிருந்து, தொழில் நடக்க வேண்டுமென்றால் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும், ஆர்.ஓ. சவ்வு வழியாக நல்ல தண்ணீரைப் பிரிக்க வேண்டும், மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைத் தனியே எடுக்க வேண்டும். காய்ச்ச நீராவி வேண்டும். நீராவி வருவது பாய்லரிலிருந்து. பாய்லருக்கு உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர் வேண்டும், திருப்பூர் போர்வெல் தண்ணீர் அதற்கு ஆகாது. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் பாய்லருக்குப் போகிறது. நீராவியின் விலை தெரியாமல் தண்ணீரின் விலை தெரியாது, தண்ணீரின் விலை தெரியாமல் நீராவியின் விலையும் தெரியாது.

இங்கே எடுத்துக்கொள்ளும் பட்டறை சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்து, கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் நடுத்தர அலகு. பெயர் வேண்டாம். அளவுகளையும் செலவுகளையும், கணக்கின் போக்கு கெடாதபடி, முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

ஒரு நாளைக்குப் பாய்லர் 90 டன் நீராவி தருகிறது. அதில் 60 டன் சாய மெஷின்களுக்கு, 30 டன் எவாப்பரேட்டருக்கு. சுத்திகரிப்பு நிலையம் 900 கிலோலிட்டர் தண்ணீரை மீட்டுத் தருகிறது. அதில் 60 பாய்லருக்கு, 840 சாயத்துக்கு. விறகு, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்துப் பாய்லரின் நேரடிச் செலவு 1,62,000 ரூபாய். மருந்து, மின்சாரம், சவ்வு மாற்றம் என்று சுத்திகரிப்பின் நேரடிச் செலவு 1,17,000 ரூபாய்.

கணக்காளர் அதுவரை வைத்திருந்தது படியிறக்க முறை. முதலில் பாய்லர் செலவை மட்டும் 90 டன்னால் வகுத்து டன்னுக்கு 1,800 ரூபாய் என்று வைப்பார். எவாப்பரேட்டரின் பங்கு 54,000 ரூபாயைச் சுத்திகரிப்பில் ஏற்றுவார். அது 1,71,000 ஆகும். அந்தத் தொகை முழுவதையும் சாயத்துக்குப் போகும் 840 கிலோலிட்டரால் வகுத்தால் கிலோலிட்டருக்கு 203.57 ரூபாய். பாய்லருக்குப் போகும் 60 கிலோலிட்டருக்குப் பணமே இல்லை. மொத்தம் இடிக்காது. ஆனால் நீராவி உண்மைக்குக் குறைவாகவும் தண்ணீர் உண்மைக்கு அதிகமாகவும் காட்டும்.

இந்தப் பட்டறையில் அது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் இரண்டும் ஓடுகின்றன. அடர்நிறப் பருத்திக்குக் கழுவல்மேல் கழுவல், கிலோவுக்கு 70 லிட்டர் தண்ணீர், 4 கிலோ நீராவி. பாலியெஸ்டருக்கு 130 டிகிரி சூடு வேண்டும், அதற்குக் கிலோவுக்கு 6 கிலோ நீராவி, தண்ணீர் 30 லிட்டர்தான். எது எதன் செலவைச் சுமக்கிறது என்பது இந்த இரண்டு விலையில்தான் இருக்கிறது. "பாலியெஸ்டர்ல நல்லா நிக்குதுன்னு பேப்பர் சொல்லுதுங்க, பேங்க்ல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுங்களே" என்பது முதலாளியின் குறை.

இரண்டு சமன்பாடுகள்

சரியான விலைக்கு ஒவ்வொரு பிரிவின் பங்கையும் மற்றதில் ஏற்ற வேண்டும். மொத்தம் என்பது நேரடிச் செலவும் மற்றப் பிரிவிலிருந்து ஏறும் பங்கும் சேர்ந்தது.

பாய்லர் மொத்தம் = 1,62,000 + நீர் மொத்தம் × 60/900

நீர் மொத்தம் = 1,17,000 + பாய்லர் மொத்தம் × 30/90

கணக்காளர் இதை அப்படியே எக்செல்லில் இரண்டு கட்டங்களில் அடித்தார். உடனே, கட்டம் சுற்றிவந்து தன்னையே நாடுகிறது என்ற சர்குலர் ரெஃபரன்ஸ் எச்சரிக்கை வந்தது, கட்டத்தில் பூஜ்யம் நின்றது. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் ஃபார்முலாஸ், அதில் இட்டரேட்டிவ் கால்குலேஷன் என்ற பெட்டியில் டிக் போட்டதும் எச்சரிக்கை போய்விட்டது, எண்கள் வந்துவிட்டன.

அந்த டிக் என்ன செய்கிறது என்பதைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நீர் மொத்தம் பூஜ்யம் என்று தொடங்கினால் பாய்லர் 1,62,000. அதில் மூன்றில் ஒன்று நீருக்கு ஏறினால் நீர் 1,71,000. அதில் பதினைந்தில் ஒன்று பாய்லருக்கு ஏறினால் 1,73,400. அடுத்து நீர் 1,74,800, பாய்லர் 1,73,653.33. பிறகு நீர் 1,74,884.44, பாய்லர் 1,73,658.96. அதற்கடுத்த சுற்றில் பாய்லர் 1,73,659.09 ஆகிறது, அதன்பின் பைசா அசையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிழை 45-இல் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த 45 எங்கிருந்து வந்தது? பாய்லரிலிருந்து நீருக்கு மூன்றில் ஒன்று, நீரிலிருந்து பாய்லருக்குப் பதினைந்தில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 45-இல் ஒன்று. சுழலை ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு ரூபாயில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற இந்த விகிதம் ஒன்றுதான் முக்கியம். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் எண் விடையில் நிற்கும், ஒன்றைத் தாண்டினால் ஓடிவிடும்.

இந்த வழி எக்செல் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மன் கணிதமேதை காஸ் 1823-இல் தன் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது, அரைத்தூக்கத்தில்கூடச் செய்யலாம் என்ற குறிப்போடு. சைடல் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதை 1874-இல் வெளியிட்டார். இன்றும் காஸ்-சைடல் முறை என்றுதான் பாடப்புத்தகங்களில் வருகிறது.

முடிவு: நீராவி டன்னுக்கு 1,929.55 ரூபாய், தண்ணீர் கிலோலிட்டருக்கு 194.32 ரூபாய். சரிபார்க்க ஒரு கட்டம் போதும். சாயத்துக்குப் போகும் 60 டன்னையும் 840 கிலோலிட்டரையும் இந்த விலைகளால் பெருக்கிக் கூட்டினால் 2,79,000 வர வேண்டும், அதாவது இரண்டு நேரடிச் செலவுகளின் கூட்டுத்தொகை. வருகிறது.

புதிய விலையில் பாலியெஸ்டருக்குக் கிலோவுக்கு 16.91 ரூபாய்க்குப் பதில் 17.41 ரூபாய். பருத்திக்கு 21.45-க்குப் பதில் 21.32. ஒரு நாளில் 2,800 கிலோ பாலியெஸ்டரும் 10,800 கிலோ பருத்தியும் ஓடுகின்றன. பாலியெஸ்டர் வாடிக்கையாளர்களின் செலவில் தினமும் சுமார் 1,399 ரூபாயைப் பருத்தி வாடிக்கையாளர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பைசா சின்னத் தொகையாகத் தெரியலாம். கூலிச் சாயத்தில் கிலோவுக்கு ஐம்பது பைசாவுக்காக ஆர்டர் கைமாறும்.

தாள் கெட ஆரம்பித்த விதம்

முதலில் வந்தது ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை. நீராவி மீட்டர் ரீடிங் போடாமல் விட்டதால் வகுக்கும் இடத்தில் பூஜ்யம் நின்றது. டிவ்-ஜீரோ பிழை ஒரு கட்டத்தில் வந்தது, சுழல் வழியாக அடுத்த கட்டத்துக்குப் போனது, அங்கிருந்து திரும்பவும் வந்தது. "சார், ரீடிங்க இப்பப் போட்டுட்டேங்க. ஆனாலும் போகவே மாட்டேங்குதுங்க" என்றார் கணக்காளர். போகாதுதான். ஒவ்வொரு கட்டமும் மற்றதன் பழைய மதிப்பை எடுத்துத்தான் கணக்கிடுகிறது. பழைய மதிப்பே பிழை என்றால் புதியதும் பிழை. மூல எண்ணைச் சரிசெய்தாலும் சுழலுக்குள் புகுந்த பிழை வெளியேற வழியில்லை.

மருந்து எளிது. ஒரு கட்டத்தை ஸ்விட்ச்சாக வைக்க வேண்டும். பாய்லர் சூத்திரத்தில் நீரின் பங்கை நேராக எடுக்காமல், ஸ்விட்ச் 1 என்றால் நீர்ப் பங்கு, இல்லையென்றால் பூஜ்யம் என்று இஃப் போட வேண்டும். பிழை வந்தால் ஸ்விட்சை 0 ஆக்கினால் சுழல் அறுந்து எல்லாம் சுத்தமாகிவிடும். மறுபடி 1 ஆக்கினால் ஓடும். சிலர் பிழையை மறைக்கும் இஃப்எரர் சூத்திரத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. ரீடிங் விட்டுப்போன நாளில் பிழை கண்ணுக்குத் தெரிவதே மேல்.

அடுத்தது ஆடிட்டர் அலுவலகத்தில். அங்கே அந்தக் கோப்பைத் திறந்தபோது எச்சரிக்கை வந்தது. இட்டரேட்டிவ் கால்குலேஷன் டிக் கோப்போடு சேமிக்கப்படுகிறது என்றாலும், எக்செல் அதைப் பின்பற்றுவது அந்த அமர்வில் முதலில் திறக்கும் கோப்பைப் பொறுத்து. ஆடிட்டர் காலையிலிருந்து வேறு நான்கு கோப்புகளைத் திறந்து வைத்திருந்தார், அவற்றில் அந்த டிக் இல்லை. அதனால் நம் கோப்புக்கும் இல்லை. இதைவிட மோசம் இதன் மறுபக்கம். நம் கோப்பை முதலில் திறந்துவிட்டு வேறொரு கோப்பைத் திறந்தால், அதில் யாரோ தவறிப்போட்ட சுழலுக்கும் எச்சரிக்கை வராது.

இந்தப் பட்டறையிலேயே அது நடந்தது. மருந்துச் செலவின் கூட்டல் கட்டத்தில் வரம்பு ஒரு வரி கூடுதலாகப் போய், கூட்டல் தன்னையே கூட்டிக்கொண்டது. வழக்கமான அமைப்பில் எக்செல் கத்தியிருக்கும். டிக் இருந்ததால் வாயே திறக்காமல் நூறு சுற்று ஓடி, கூட்டுத்தொகையை நூறு மடங்காகக் காட்டியது. மறுபடி கணக்கிடச் சொல்லும் எஃப்9 விசையை அழுத்த அழுத்த மேலும் ஏறியது. நூறு மடங்கு என்பதால் கண்ணில் பட்டது. வேண்டுமென்று போட்ட ஒரு சுழலுக்காக, வேண்டாத எல்லாச் சுழலுக்கும் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிடுகிறோம் என்பதுதான் இந்த டிக்கின் மேல் எனக்குள்ள பெரிய புகார்.

சுற்று எண்ணிக்கையும் நிறுத்தும் அளவும் இன்னொரு இடம். எக்செல் இயல்பாக 100 சுற்று ஓடும், ஒரு சுற்றில் மாற்றம் 0.001-க்குக் கீழே போனால் நின்றுவிடும். கூகுள் ஷீட்ஸில் இயல்பு 50 சுற்று, 0.05. லிப்ரே ஆஃபிஸில் எக்செல் போலவே 100, 0.001. இந்த 0.001-க்கு அலகு கிடையாது. தாள் ரூபாயில் இருந்தால் அது பைசாவில் பத்தில் ஒன்று. தாள் லட்சத்தில் இருந்தால் நூறு ரூபாய். கூகுளின் 0.05 லட்சத்தில் ஐயாயிரம் ரூபாய். நம் சுழல் 45-இல் ஒன்றாகக் குறைவதால் எந்த அளவில் நின்றாலும் சேதமில்லை. சுற்றுக்கு 0.95 பங்கு திரும்பி வரும் சுழலாக இருந்திருந்தால் கதை வேறு. கடைசி மாற்றம் நூறு ரூபாய் என்று நின்ற இடத்திலிருந்து உண்மை விடை இன்னும் 1,900 ரூபாய் தள்ளி இருக்கும். மாற்றம் சிறிதாகிவிட்டது என்பதும் விடை கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

சுழலைத் திருப்பிப் போட்டால் என்னாகும் என்பதையும் ஒரு பிரதியில் பார்க்க நேர்ந்தது. உதவியாளர் ஒருவர் அதே இரண்டு சமன்பாடுகளை மாற்றி எழுதியிருந்தார்: நீர் மொத்தம் என்பது பாய்லர் மொத்தத்தில் 1,62,000 கழித்து 15-ஆல் பெருக்கியது, பாய்லர் மொத்தம் என்பது நீர் மொத்தத்தில் 1,17,000 கழித்து 3-ஆல் பெருக்கியது. பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் இது சரி, விடையும் அதேதான். ஆனால் சுழலில் திரும்பி வரும் விகிதம் இப்போது 45. பாய்லர் 1,62,000-இல் தொடங்கியது. அடுத்த சுற்றில் கழித்தல் 3,51,000. அதற்கடுத்து கழித்தல் 2.34 கோடி. நூறு சுற்றுக்குப் பிறகு கட்டத்தில் நின்ற எண்ணை வாசிக்கவே முடியவில்லை. எந்தக் கட்டத்தை எதன் வழியாக எழுதுகிறோம் என்பது கணிதத்துக்கு ஒன்றுதான், தாளுக்கு இல்லை.

193 ரூபாய் விதி

இவ்வளவுக்கும் பிறகு வந்ததுதான் உண்மையிலேயே சுவையான சிக்கல். மேலாளர் ஒரு விதி சேர்த்தார்: மீட்ட தண்ணீரின் விலை 193 ரூபாயைத் தாண்டினால் பாய்லருக்கு டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், கிலோலிட்டர் 120 ரூபாய். மிச்சமாகும் 60 கிலோலிட்டர் சாயத்துக்குப் போகும். இதை ஒரு இஃப் ஆகத் தாளில் போட்டார்.

நீரின் விலை 194 சொச்சம் வந்தது. 193-ஐத் தாண்டியதால் இஃப் டேங்கருக்கு மாறியது. பாய்லர் மொத்தம் 1,69,200 ஆனது, நீர் மொத்தம் 1,73,400 ஆனது, விலை 192.67. இப்போது 193-க்குக் கீழே. இஃப் சொந்தத் தண்ணீருக்குத் திரும்பியது. விலை மறுபடி 194.28. மறுபடி டேங்கர். இதற்கு முடிவே இல்லை. விதியை மதிக்கும் விடை என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆனால் திரையில் எண் அசையாமல் நின்றது. எஃப்9 அழுத்தினாலும் அதே எண். மேலாளர் விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். காரணம் அந்த 100. இரண்டு மதிப்புகளுக்கு நடுவே மாறி மாறி ஆடும் எண் நூறு சுற்று ஓடினால், இரட்டைப்படை என்பதால், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். சுற்று எண்ணிக்கையை 101 ஆக மாற்றி எஃப்9 அழுத்தியபோதுதான் ஒவ்வொரு முறையும் எண் தாவுவது தெரிந்தது. இஃப், மேக்ஸ், மின் எது இருந்தாலும், சுழல் உள்ள தாளில் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. செலவு ஒரு நிமிடம்.

தீர்வு தாளில் இல்லை, கேள்வியில் இருந்தது. சாயத்துக்கு மீட்ட தண்ணீர் போதாமல் ஏற்கெனவே டேங்கரில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அதே 120 ரூபாய்க்கு. பாய்லருக்கு 60 கிலோலிட்டர் டேங்கர் தண்ணீர் வாங்கினால் 7,200 ரூபாய் கூடும். மிச்சமாகும் மீட்ட தண்ணீர் சாயத்துக்குப் போவதால் அங்கே 7,200 ரூபாய் டேங்கர் செலவு குறையும். பட்டறையின் மொத்தச் செலவில் ஒரு ரூபாய் மாற்றமில்லை. முதலாளிக்கு எக்செல் தெரியாது. நான் படம் போட்டு விளக்கத் தொடங்கிய உடனேயே அவர் கேட்டார்: "ஏனுங்க, தண்ணி எந்தக் குழாயில போனா என்னங்க, லாரிக்காரனுக்குக் குடுக்கற காசு ஒண்ணுதானுங்களே?" அதோடு டேங்கர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாய்லரில் விட்டால் குழாயில் படிவு பிடித்து விறகுச் செலவு ஏறும். பங்கிட்டுப் பெற்ற சராசரி விலையை வைத்து வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்ததுதான் கோளாறு. விதியை எடுத்தாயிற்று.

இப்போது தாள் எப்படி இருக்கிறது

சுழல் போய்விட்டது. இரண்டு சமன்பாடு, இரண்டும் நேர்கோட்டுச் சமன்பாடு. இதற்குச் சுற்று ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை மற்றதில் பதிலிட்டால் பாய்லர் மொத்தம் என்பது 1,62,000-உடன் 1,17,000-இல் பதினைந்தில் ஒன்றைக் கூட்டி, 44/45-ஆல் வகுத்தது. 1,69,800-ஐ 44/45-ஆல் வகுத்தால் 1,73,659.09. எந்தக் கணினியில் திறந்தாலும் இதே எண், எச்சரிக்கை இல்லை, ஸ்விட்ச் இல்லை, பிழை உள்ளே மாட்டிக்கொள்வதும் இல்லை.

மூன்றாவது பிரிவு சேர்ந்தால் கையால் பதிலிடுவது தொல்லை என்பதால் அணி முறையில் வைத்திருக்கிறோம். இரண்டுக்கு இரண்டு கட்டம். மூலைவிட்டத்தில் 1, 1. முதல் வரியின் மற்றொரு கட்டத்தில் கழித்தல் 60/900, இரண்டாம் வரியில் கழித்தல் 30/90. பக்கத்தில் நேரடிச் செலவுகள் ஒரு நெடுவரிசையாக. எம்-இன்வெர்ஸ் கொண்டு அணியைத் திருப்பி, எம்-மல்ட் கொண்டு செலவு நெடுவரிசையால் பெருக்கினால் இரண்டு விடையும் ஒன்றாக வந்துவிடும். பழைய எக்செல்லில் விடைக்கான கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். புதியதில் என்டர் மட்டும் போதும். வேண்டிய விடையைச் சொன்னால் அதற்கான எண்ணைத் தேடித்தரும் கோல் சீக் என்ற எக்செல் கருவி பற்றியும் கணக்காளர் கேட்டார். அது ஒரு தெரியாத எண்ணுக்குத்தான், அதுவும் மீட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் கையால் ஓட்ட வேண்டும். தினசரிக் கணக்குக்கு ஒத்துவராது.

சுற்று ஓட்டுவதை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. அதே பட்டறையில் பம்ப் தேர்வுக்கு ஒரு தாள் இருக்கிறது. குழாயின் உராய்வுக் குணகத்துக்கு 1939-இல் கோல்புரூக் வெளியிட்ட சமன்பாட்டில் குணகம் இடப்பக்கமும் இருக்கிறது, வலப்பக்கம் மடக்கைக்குள்ளேயும் இருக்கிறது. சாதாரண அல்ஜீப்ராவால் அதைப் பிரித்தெடுக்க முடியாது, சில சுற்றுகளில் அழகாக நின்றுவிடும். அங்கேயும் சுழல் கட்டம் போடவில்லை. ஆறு நெடுவரிசைகள் அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் இடப்பக்கத்து நெடுவரிசையின் விடையை எடுத்துக்கொள்கிறது. கடைசி இரண்டு நெடுவரிசைகளின் வித்தியாசம் தனிக் கட்டத்தில் தெரிகிறது. விடை நின்றதா, தாவுகிறதா, ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். டிக்கும் தேவையில்லை.

தினசரி எண்களில் இந்தக் கணக்கைப் போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயம் ஓடாமல் எவாப்பரேட்டர் மட்டும் ஓடுகிறது. அன்றைய எண்களில் நீராவியின் பெரும்பங்கு தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து, விலை எகிறுகிறது. மாத மொத்தத்தில் ஒருமுறை போடுகிறார்கள். கம்ப்ரசர் பகுதியை மூன்றாவதாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது. அது மற்ற இரண்டுக்கும் காற்று தருகிறது, குளிரூட்டத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. அணி மூன்றுக்கு மூன்று ஆகும், சூத்திரம் அதேதான். கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் மீட்டர் இல்லாததால் அது நிற்கிறது. மீட்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பாலியெஸ்டர் கூலியைக் கிலோவுக்கு ஐம்பது பைசா ஏற்றி அடுத்த மாத ரேட் கார்டு அச்சாகிவிட்டது. பருத்தியின் பதின்மூன்று பைசாவை முதலாளி குறைக்கவில்லை.